ஹேண்டல் வீட்டுக் கச்சேரியும் கூடவே வரும் கட்டுக்கதைகளும்

லண்டன் மேஃபேரில் புரூக் தெரு 25-ம் எண் வீட்டின் முதல் மாடியில், தெருவைப் பார்த்தபடி ஓர் அறை. மரப்பலகை பொருத்திய சுவர், உயரமான ஜன்னல்கள், ஒரு ஹார்ப்சிகார்ட். கச்சேரி நாட்களில் மிச்ச இடத்தில் நாற்காலிகளைப் போடுவார்கள். சில பத்துப் பேர் உட்கார்ந்தாலே அறை நிரம்பிவிடும். வயலின்காரர் மூச்சை இழுத்துவிடுவது முன்வரிசைக்குக் கேட்கும். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஃப்ரிட்ரிக் ஹேண்டல் 1723-ல் இந்த வீட்டுக்குக் குடிவந்தார். 1759 ஏப்ரல் 14 அன்று இங்கேயே இறந்தார். 2001-ல் இது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பரோக் காலத்து இசையை அது பழகிய அளவுள்ள அறையிலேயே கேட்கலாம் என்பதுதான் இங்கே நடக்கும் கச்சேரிகளின் கவர்ச்சி.

இப்படிப்பட்ட பழைய வீடுகளில் இசையோடு கதையும் கிடைக்கும். நிகழ்ச்சித் தாளில் இரண்டு, அறிமுகம் செய்பவர் வாயில் ஒன்று, பக்கத்து நாற்காலிக்காரரிடம் இன்னொன்று. அவற்றில் பல உண்மையல்ல. சில பாதி உண்மை. எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. ஹேண்டலையும் அவர் காலத்து இசையையும் எப்படியாவது அரண்மனைக்கோ சொர்க்கத்துக்கோ தூக்கிக்கொண்டு போய்விடப் பார்க்கின்றன. ஆவணங்களோ அவரைத் திரும்பத் திரும்ப இந்த வாடகை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒத்திகை, சந்தா, சம்பளப் பட்டியல் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு பட்டறை அது.

"ஹேண்டலும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்"

இல்லை, அடுத்தடுத்த வீடுகளில். கிடார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸ் 1968 கோடையில் தன் தோழி கேத்தி எட்சிங்ஹாமுடன் வந்து தங்கியது 23-ம் எண் வீட்டின் மேல்தளத்தில். அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார். பிற்காலத்தில் இரண்டு வீடுகளின் மேல்தளங்களும் ஒரே அருங்காட்சியகத்துக்குள் வந்தன. இன்று அதன் பெயரே ஹேண்டல் ஹென்ட்ரிக்ஸ் இல்லம்தான். அப்புறம் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஹென்ட்ரிக்ஸே தான் ஹேண்டல் வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இசைத்தட்டுக் கடைக்குப் போய் ஹேண்டலின் 'மெசையா' தட்டை வாங்கிவந்து கேட்டார். ஒருமுறை ஹேண்டலின் ஆவியைப் பார்த்ததாகச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. அது உண்மையானால் ஆவிதான் கதவு எண்ணைத் தவறவிட்டிருக்க வேண்டும்.

"வீடு அவர் விட்டுப்போனபடியே இருக்கிறது"

ஹேண்டல் இறந்த சில மாதங்களில், அவரிடம் வேலைபார்த்த ஜான் டுபர்க் வீட்டுச் சாமான்கள் அத்தனையையும் 48 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். அப்போது எழுதிய சாமான் பட்டியல் இன்றும் இருக்கிறது, சாமான்கள் இல்லை. பின்னால் குடிவந்தவர்கள் வீட்டைத் தங்கள் வசதிக்கு மாற்றினார்கள். 20-ம் நூற்றாண்டில் கீழ்த்தளம் கடையாகவே ஆகிவிட்டது. இப்போது நாம் பார்ப்பது, அந்தப் பட்டியலையும் அதே காலத்து லண்டன் வீடுகளையும் வைத்துக்கொண்டு மீட்டெடுத்த வீடு. படுக்கையறையில் கண்ணைப் பறிக்கும் சிவப்புத் திரைக் கட்டில், பட்டியலில் உள்ள குறிப்பைப் படித்துப் புதிதாகச் செய்தது. சமையலறையும் தெருவோர முன்னறையும் பார்வையாளர்களுக்குத் திறந்ததே 2023-ல்தான்.

ஹார்ப்சிகார்டும் ஹேண்டலுடையது அல்ல. பெரிய ஹார்ப்சிகார்டையும் சின்ன வீட்டு ஆர்கனையும் இசைச்சுவடிகளையும் 1750-ல் எழுதிய உயிலில் கிறிஸ்டோஃபர் ஸ்மித்துக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய சுவடிகளைப் படியெடுத்து, கணக்குவழக்கையும் பார்த்துவந்தவர் ஸ்மித். சாமான் பட்டியலில் ஒரு வாத்தியம்கூட இல்லாததற்குக் காரணம் இதுதான்.

வீடு அவருக்குச் சொந்தமாகவும் இருக்கவில்லை. குடிவந்தபோது அவர் வெளிநாட்டவர். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது 1727-ல். அதற்குப் பிறகு வாங்கியிருக்கலாம். இறக்கும்போது ஏறத்தாழ 20,000 பவுண்டு விட்டுப்போன மனிதர். ஆனாலும் கடைசிவரை வாடகைக்காரராகவே இருந்தார்.

இதையெல்லாம் கேட்டு ஏமாந்துபோகத் தேவையில்லை. கச்சேரி கேட்க வருபவருக்கு அசல் நாற்காலி எதற்கு? அறையின் அளவும், சுவரின் மரமும், வாத்தியத்துக்கும் காதுக்கும் இடையிலான தூரமும் சரியாக இருந்தால் போதும். அது இங்கே இருக்கிறது.

"பரோக் அறை இசை அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியது"

இது பாதி உண்மை என்பதால்தான் இத்தனை நாள் நீடிக்கிறது. அரண்மனைப் பணம் ஹேண்டலுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. ஆன் மகாராணி கொடுத்த 200 பவுண்டு, அதற்குமேல் முதலாம் ஜார்ஜ் சேர்த்த 200, இளவரசிகளுக்குப் பாடம் சொன்னதற்கு இன்னொரு 200 என்று ஆண்டுக்கு 600 பவுண்டு. ஆனால் லண்டனில் சீட்டு வாங்கிக் கேட்கும் கச்சேரி பிறந்தது அரண்மனையில் அல்ல. ஜான் பானிஸ்டர் என்ற வயலின்காரர் 1672 கடைசியில் தன் வீட்டிலேயே தினமும் மாலை நாலு மணிக்குக் கச்சேரி என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். ஷில்லிங்கை வைத்தவர் யாராக இருந்தாலும் உள்ளே உட்காரலாம்.

ஆறு ஆண்டு கழித்து வந்த தாமஸ் பிரிட்டனின் கதை இன்னும் சுவாரசியம். அவர் கரி வியாபாரி. மூட்டையை முதுகில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றவர். கிளர்க்கன்வெல் பகுதியில் ஒரு பழைய லாயத்தை வாடகைக்கு எடுத்து, கீழே கரியைக் கொட்டிவைத்தார். மேலே இருந்த தாழ்வான, நீளமான பரணில் 1678-ல் வாரக் கச்சேரி தொடங்கினார். ஏறுவதற்கு வெளிப்புறத்தில் ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. அங்கே ஒரு ஹார்ப்சிகார்டும் ஒரு சின்ன ஆர்கனும் இருந்தன. முதலில் அனுமதி இலவசம்; பிறகு ஆண்டுச் சந்தா 10 ஷில்லிங், காப்பி வேண்டுமானால் ஒரு கிண்ணம் ஒரு பென்னி. பட்டுப்பாவாடைச் சீமாட்டிகள் பாவாடையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு அந்தப் படியேறினார்கள். பெபுஷ் போன்ற பெரிய கலைஞர்கள் வாசித்தார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் ஹேண்டலும் அங்கே வாசித்ததாக 18-ம் நூற்றாண்டு இசை வரலாற்றாசிரியர் ஜான் ஹாக்கின்ஸ் எழுதுகிறார். 1714-ல் பிரிட்டன் இறக்கும்வரை 36 ஆண்டுகள் அந்தப் பரண் இயங்கியது. ஒவ்வொரு கச்சேரிக்கும் மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் கரி விற்கப் போவார். அவருடைய ஓவியம் இன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. கரி வியாபாரிக்கு அங்கே இடம் கிடைத்தது இசையால்தான்.

ஐரோப்பாவின் மற்ற ஊர்களிலும் இதே நடப்புதான். லைப்சிக்கில் இசையமைப்பாளர் டெலமான் 1702-ல் தொடங்கிய மாணவர் இசைக்குழுவை பாக் 1729-ல் ஏற்று நடத்தினார். அவர்கள் வாரம் தவறாமல் வாசித்த இடம் சிம்மர்மான் என்பவரின் காப்பிக்கடை. கோடையில் அவருடைய தோட்டம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1630-களில், வெனிஸில் ஜூலியோ ஸ்த்ரோத்ஸி என்ற கவிஞர் தன் வீட்டில் சபை கூட்டினார். அங்கே பாடியவரும், விவாதத்துக்குத் தலைப்பு கொடுத்தவரும் அவருடைய மகள் பார்பரா. பார்பரா ஸ்த்ரோத்ஸி தன் பெயரிலேயே எட்டு இசைத் தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் ஒன்று தவிர மற்றவை இன்று பாடப்படுகின்றன. பரோக் காலத்தில் பெண்கள் இசையமைக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். அல்லது பிரான்ஸின் எலிசபெத் ஜாக்கே தெ லா கேர் பெயரை.

ஹேண்டலின் புரூக் தெரு வாசலும் ஒரு கடைவாசலாகத்தான் இருந்தது. அச்சாகும் இசைச்சுவடிகளுக்கு இங்கே வந்து சந்தா கட்டலாம் என்று நாளிதழ்களில் விளம்பரம் வரும்.

"மெழுகுவர்த்தி, பேரமைதி, கைதட்டக் கூடாது"

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரோக் இசை என்பது இன்று லண்டன் தேவாலயங்களில் நன்றாக விற்பனையாகும் சரக்கு. பார்க்க அழகுதான். ஆனால் இந்த வீட்டில் நடந்ததாக நமக்குத் தெரிந்த நிகழ்ச்சி பகல் வெளிச்சத்தில் நடந்தது. 1735 ஏப்ரலில் ஒரு காலைப்பொழுது, மேரி பெண்டார்விஸ் என்ற பெண்மணி (பிற்காலத்தில் திருமதி டெலனி என்று பெயர்பெற்றவர்) தன் தங்கையோடும் தோழியோடும் இங்கே வந்து 'அல்சினா' ஓபராவின் முதல் ஒத்திகையைக் கேட்டார். ஹார்ப்சிகார்டின் முன்னால் உட்கார்ந்திருந்த ஹேண்டல் மந்திரவாதி மாதிரி தெரிந்தார் என்று கடிதம் எழுதினார். அந்த ஓபரா சில நாட்களில் கவன்ட் கார்டன் அரங்கில் மேடையேறியது. ஒரு ஓபராவின் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இந்த அறைக்குள் எப்படி அடைந்தார்கள் என்று இன்று நாற்காலிக்கு இடம் தேடுபவர்கள் யோசிக்கலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு அதே பெண்மணி தன் வீட்டில் கொடுத்த விருந்தைப் பற்றிய கடிதமும் இருக்கிறது. ஹேண்டல் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். இரவு ஏழு மணிக்கு ஹார்ப்சிகார்டில் உட்கார்ந்தவர் பதினோரு மணிவரை எழவில்லை. பெரிய பாடகி ஸ்த்ராதா பாடினார். வந்திருந்த பெண்களும் பாடினார்கள். எல்லோருக்கும் அவரே வாசித்தார். தேநீரும் காப்பியும் வந்தன. ஒன்பதரை மணிக்கு மேல் சாக்லேட் பானம், சூடாக்கிய வெள்ளை ஒயின், பிஸ்கட். வீட்டுக் கச்சேரி என்றால் இதுதான்: தட்டு சத்தமும் பேச்சும் நடுவில் பாட்டும்.

அதற்காக, கேட்பவர்கள் பேசிக்கொண்டிருப்பதை ஹேண்டல் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது. இளவரசர் மாளிகையில் ஒத்திகை நடக்கும்போது பணிப்பெண்கள் பேசினால் அவர் திட்டித்தீர்ப்பார் என்றும், ஹேண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது, வாயை மூடுங்கள் என்று இளவரசியே அதட்டுவார் என்றும் இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி எழுதியிருக்கிறார். ஆக, அமைதி வேண்டுமென்று கேட்டவர் ஹேண்டல்தான். கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

ஒரு சொனாட்டாவின் பகுதிகளுக்கு இடையே கைதட்டக் கூடாது என்ற விதி மட்டும் அந்தக் காலத்தது அல்ல. அது மிகவும் பின்னால் வந்த பழக்கம். ஹேண்டல் காலத்து ஓபராவில் பாட்டு பிடித்திருந்தால் கைதட்டி, கத்தி, மறுபடி பாடவைத்தார்கள். இன்றைக்கு இந்த அறையில் பகுதிகளுக்கு நடுவே யாராவது தவறித் தட்டிவிட்டால் சிலர் திரும்பி முறைப்பார்கள். முறைக்கட்டும்.

"ஹார்ப்சிகார்ட் என்பது வளராத பியானோ"

பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் ஒரு சின்ன அலகு தந்தியை மீட்டுகிறது. முன்பு அந்த அலகு பறவை இறகுத் தண்டிலிருந்து சீவியது. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். எனவே ஹார்ப்சிகார்ட் வீணையின் பக்கத்து உறவு, பியானோவின் குழந்தைப்பருவம் அல்ல. இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் பியானோவைச் செய்தபோது அவர் பழைய வாத்தியத்தைத் திருத்தவில்லை. வேறு ஒரு வேலையைச் செய்ய வேறு ஒரு இயந்திரத்தை உண்டாக்கினார்.

விசையை அழுத்தி அடித்தாலும் மெல்ல அடித்தாலும் ஹார்ப்சிகார்டின் ஒலியளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது உண்மை. இதை வைத்துத்தான் உணர்ச்சி இல்லாத வாத்தியம் என்ற பெயர் வந்தது. ஆனால் நல்ல கலைஞர் ஒலியளவால் செய்ய முடியாததை நேரத்தால் செய்கிறார். ஒரு சுரத்தைக் கண்ணிமைப்பொழுது தாமதித்து மீட்டினால் அது அழுத்தமாகக் கேட்கிறது. விரலை எப்போது எடுக்கிறார் என்பதிலும் இருக்கிறது சங்கதி. ஆயிரம் பேர் அமரும் அரங்கில் இதெல்லாம் காற்றோடு போய்விடும். மூன்று கஜ தூரத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். ஹார்ப்சிகார்ட் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைப் பெரிய அரங்கிலோ ஒலிபெருக்கியிலோ மட்டுமே கேட்டவர்கள் என்பது என் சந்தேகம்.

அதன் தந்திகள் மெல்லியவை, மரம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உடனே அசைந்துகொடுக்கும். அறை நிறைய ஆள் உட்கார்ந்தால் சுருதி நகர ஆரம்பித்துவிடும். இடைவேளையில் ஒருவர் சாவியோடு குனிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

"பரோக் சுருதி 415"

இன்றைய மேடைச் சுருதியில் 'ஏ' சுரம் நொடிக்கு 440 அதிர்வு. பரோக் குழுக்கள் வாசிப்பது 415. அந்தக் காலத்துச் சுருதி அதுதான் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் 415 என்பது 20-ம் நூற்றாண்டில் கலைஞர்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. 440-க்கு மிகச்சரியாக அரைச்சுரம் கீழே என்பதால் ஹார்ப்சிகார்டின் விசைப்பலகையை ஒரு விசை நகர்த்தினாலே இரண்டு சுருதியிலும் வாசித்துவிடலாம். ஹேண்டல் காலத்தில் ஊருக்கு ஒரு சுருதி. பாரிஸ் ஓபராவில் 392 வாக்கில். வெனிஸில் இன்றைய சுருதிக்கு அருகே. ஜெர்மன் தேவாலய ஆர்கன்கள் பல 460-ஐத் தாண்டின. ஹேண்டலுடையது என்று கருதப்படும் 1751-ம் ஆண்டுச் சுருதிக்கவை கொடுப்பதோ 422.5. அதாவது ஹேண்டலின் வீட்டில் 415-ல் ஹேண்டலை வாசிப்பவர்கள் அவருடைய சொந்தக் கவைக்கும் கீழே இறங்கி வாசிக்கிறார்கள். 440-ஐ உலகம் ஒப்புக்கொண்டதும் 1939-ல், இதே லண்டனில் கூடிய மாநாட்டில்தான்.

"எழுதியதை எழுதியபடி வாசிப்பதே பரோக்"

ட்ரையோ சொனாட்டா என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருக்கும்; மேடையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அச்சுப் பிழை இல்லை. ஏட்டில் மூன்று வரி: இரண்டு மேல்குரல், ஒரு அடிக்குரல். அடிக்குரலை செலோவும் ஹார்ப்சிகார்டும் பகிர்ந்துகொள்ளும். செலோக்காரர் எழுதியதை வாசிப்பார். ஹார்ப்சிகார்ட்காரரின் இடது கைக்கு மட்டும்தான் சுரம் எழுதியிருக்கும். வலது கைக்கு எண்கள். 6 என்றும் 4-2 என்றும் போட்டிருக்கும் அந்த எண்களைப் பார்த்து எந்த ஸ்வரக்கூட்டத்தை, எவ்வளவு அடர்த்தியாக, எந்த நடையில் நிரப்புவது என்பதை அவரே அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். இன்றைய கச்சேரியில் நீங்கள் கேட்ட வலது கை நாளைய கச்சேரியில் இருக்காது.

மேல்குரலுக்கும் இதே சுதந்திரம் இருந்தது. இத்தாலிய வயலின் கலைஞர் கொரெல்லியின் 12 வயலின் சொனாட்டாக்கள் 1700-ல் ரோமில் அச்சாயின. மெதுநடைப் பகுதிகளில் நெடுஞ்சுரங்கள் மட்டும் எலும்புக்கூடாக நிற்கும். பத்து ஆண்டு கழித்து ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் ரோஜர், கொரெல்லி வாசித்தவை என்று சொல்லி அலங்காரங்களோடு ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். முதல் பதிப்பின் ஒரு சுரம் நின்ற இடத்தில் அதில் ஒரு அருவியே கொட்டுகிறது.

விரலை அசைத்து ஒலியை நடுங்கவைக்கும் வைப்ராட்டோ அக்காலத்தில் கிடையவே கிடையாது என்பதும் இதே வகை விதிமுறைப் பேச்சு. கொரெல்லியிடம் பயின்று லண்டனில் வாழ்ந்த ஜெமினியானி 1751-ல் வெளியிட்ட வயலின் நூலில், அதை எவ்வளவுக்கு முடியுமோ அவ்வளவுக்குப் பயன்படுத்தச் சொல்கிறார். ஐந்து ஆண்டு கழித்து லியோபோல்ட் மோட்சார்ட், ஒவ்வொரு சுரத்திலும் காய்ச்சல் கண்டவர் மாதிரி நடுங்குபவர்களைக் கிண்டல் செய்கிறார். கிண்டல் செய்ய ஆட்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

வயலின்காரரின் தாடையைப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். வாத்தியத்தில் தாடைப் பலகை இருக்காது. தோளெலும்பிலோ அதற்குக் கீழேயோ சாய்த்துவைத்து வாசிப்பார்கள். தந்தி ஆட்டுக் குடலில் முறுக்கியது (பூனைக் குடல் என்று ஆங்கிலேயர் சொல்வதை நம்ப வேண்டாம்). தாடைப் பலகையை ஜெர்மன் வயலின் கலைஞர் லூயி ஸ்போர் கொண்டுவந்தது 1820 வாக்கில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் வயலின் கற்றது அதற்கு முன்பே. எனவே நம் ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தது இந்த வம்சத்து வயலின்தான். நம்மவர்கள் அதை நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நிறுத்தி வேறு வழியில் கொண்டுபோய்விட்டார்கள்.

சில்லறைக் கதைகள்

'நீர் இசை': கோபமாக இருந்த முதலாம் ஜார்ஜை சமாதானம் செய்ய ஹேண்டல் தேம்ஸ் நதியில் திடீரென வாசித்தார் என்பார்கள். அரசர் 1714 செப்டம்பரில் லண்டன் வந்த சில நாட்களிலேயே அவர் முன்னிலையில் ஹேண்டலின் தேவாலயப் பாட்டு ஒலித்தது; ஊதியமும் கூடியது. படகில் ஏறத்தாழ 50 பேர் வாசித்த இரவு 1717 ஜூலை 17. அரசருக்கு மிகவும் பிடித்துப்போய் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். சமாதானப்படுத்த அங்கே யாரும் கோபமாக இல்லை.

'இசையறிந்த கொல்லர்': மழைக்கு ஒதுங்கிய பட்டறையில் சம்மட்டி ஓசை கேட்டு ஹேண்டல் எழுதிய ஹார்ப்சிகார்ட் உருப்படி என்ற கதை. அவர் 1720-ல் அச்சிட்டபோது அதற்கு அப்படி ஒரு பெயரே இல்லை. பெயர் 19-ம் நூற்றாண்டில் ஒட்டியது. ஒட்டிய பெயருக்கு ஒரு கொல்லரையும் தேடிப்பிடித்து, வில்லியம் பவல் என்பவருக்கு வசூல் செய்து கல்லறைக்கல்லும் நட்டுவிட்டார்கள்.

அல்பினோனியின் 'அடாஜியோ': இதை எழுதியது அல்பினோனி அல்ல. 1958-ல் அதை வெளியிட்ட இத்தாலிய இசையியலாளர் ரெமோ ஜியத்சோத்தோவின் சொந்தப் படைப்பு. பரோக் கச்சேரியில் அதிகம் விரும்பிக் கேட்கப்படும் உருப்படிகளில் ஒன்று ஹென்ட்ரிக்ஸின் வாழ்நாளுக்குள் எழுதப்பட்டது.

"'மெசையா' தெய்வ ஆவேசத்தில் பிறந்தது"

இந்த வீட்டைப் பற்றிய எல்லாக் கதைகளுக்கும் தலையாயது. 1741 ஆகஸ்ட் 22-ல் தொடங்கி செப்டம்பர் 14-ல் முடித்தார்: 24 நாள். அது உண்மை, சுவடியில் அவரே தேதி போட்டிருக்கிறார். மற்றவை பின்னால் சேர்ந்தவை. சோறு தண்ணீர் இல்லாமல் அறையில் கிடந்தார், வேலையாள் கதவைத் திறந்தபோது கண்ணீரோடு சொர்க்கத்தைக் கண்டதாகச் சொன்னார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது.

24 நாள் என்பது அவருக்கு ஆவேச வேகமும் அல்ல. 'ரினால்டோ' ஓபராவை 1711-ல் இரண்டு வாரத்தில் முடித்தவர் அவர். 'மெசையா'வை முடித்த கையோடு அடுத்து 'சாம்சன்' என்ற பெரிய படைப்பைத் தொடங்கி, அக்டோபர் முடிவதற்குள் முதல் வரைவை எழுதிவிட்டார். மேடைக் காலம் தொடங்குவதற்குள் சரக்கு தயாராக வேண்டும். கோடையில் அவர் வழக்கமாகச் செய்யும் வேலை இதுதான். பாட்டு வரிகளை வேதாகமத்திலிருந்து தொகுத்துக் கொடுத்த சார்ல்ஸ் ஜென்னன்ஸுக்கு இந்த வேகத்தில் ஒரு தெய்வீகமும் தெரியவில்லை. ஒரு வருடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர் அவசரமாக முடித்துவிட்டார், இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் குறைபட்டார்.

'மெசையா'வின் 'அல்லேலூயா' சேர்ந்திசைக்கு எழுந்து நிற்பது இன்னொரு வழக்கம். 1743-ல் லண்டனில் முதன்முறை பாடியபோது இரண்டாம் ஜார்ஜ் எழுந்தார், அவையும் எழுந்தது என்பார்கள். அன்று அரசர் வந்திருந்தார் என்பதற்கே சமகாலச் சான்று இல்லை. கதை முதலில் எழுத்தில் வருவது 1780-ல், 37 ஆண்டு கழித்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தில்.

நூற்றுக்கணக்கான குரல்களின் முழக்கமாக 'மெசையா'வைக் கேட்டுப் பழகியதும் பிற்காலத்து வேலைதான். 1742 ஏப்ரல் 13-ல் டப்ளினில் ஒரு சின்ன மண்டபத்தில் முதல்முறை பாடினார்கள். 700 பேரை அடைக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் வளையப் பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். கடனாளிக் கைதிகளை விடுவிக்கவும் இரண்டு மருத்துவமனைகளுக்கு உதவவும் பணம் திரட்டிய கச்சேரி அது. 142 பேர் விடுதலையானார்கள். லண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் 1754-ல் பாடியபோது கொடுத்த சம்பளக் கணக்கு கிடைத்திருக்கிறது. வாத்தியக்காரர்கள் 40-க்குள், தனிப்பாடகர்கள் நீங்கலாகச் சேர்ந்திசைக்கு 20 பேர்கூட இல்லை. 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 500-க்கும் மேல். 1859-ல் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கில். ஹேண்டல் இறந்தபிறகு வீங்கியது அது.

அவர் இருந்தபோது அதன் விதை இன்னும் சின்னது. 1741 ஜூலையில், 'மெசையா'வைத் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், அவர் இரண்டு இத்தாலிய இரட்டைப் பாட்டுகள் எழுதினார். இரண்டு பெண் குரல், ஒரு அடிக்குரல், அவ்வளவுதான். ஒன்று, காதல் கடவுளையும் அழகையும் இனி நம்பமாட்டேன் என்று சலித்துக்கொள்ளும் பாட்டு. இன்னொன்று, விடியலில் சிரித்து மாலையில் வாடும் மலரைப் பற்றியது. ஆகஸ்ட்டில் அவற்றை எடுத்துச் சொல்லை மாற்றி, குரலைப் பெருக்கி, 'மெசையா'வின் நான்கு சேர்ந்திசைகளை உருவாக்கினார். நமக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று குதூகலிக்கும் புகழ்பெற்ற பகுதி, அந்தக் காதல் சலிப்புப் பாட்டிலிருந்து வந்ததுதான். ஆடுகளைப் போல வழிதவறினோம் என்ற பகுதியும் அதே பாட்டின் மிச்சம்.

பெரிய சேர்ந்திசையாகவே அவற்றைக் கேட்டவர்களுக்கு, அந்த இரட்டைப் பாட்டுகளை அறை அளவில் கேட்பது வேடிக்கையான அனுபவம். முதல் நான்கைந்து சுரத்திலேயே வரிசையில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எந்தப் பழைய வீட்டுக் கச்சேரிப் பட்டியலிலாவது 'நோ, தி வோய் நோன் வோ ஃபிதார்மி' என்ற இத்தாலியத் தலைப்பைக் கண்டால் அந்த நாளுக்குச் சீட்டு வாங்குங்கள். இரண்டு பாடகியர், ஒரு செலோ, ஒரு ஹார்ப்சிகார்ட், சில நிமிடம்.